பொதுப்பணம் யாருடையது? நிதியியல் அறிஞர் அம்பேத்கரின் வாழ்க்கை

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒன்றிய, மாநில நிதிநிலை அறிக்கைகள் தாக்கலாகும்போது நாம் முதலில் புரட்டுவது பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டுப் பக்கங்களைத்தான். நிதிநிலை அறிக்கையில் ஒரு தொகை, திருத்திய மதிப்பீட்டில் வேறொரு தொகை, உண்மையில் செலவானது மூன்றாவது தொகை என மூன்று எண்கள் நம்முன் நிற்கின்றன. அந்த எண்களுக்கு இடையில் கரைந்துபோன பணத்தின் பொருள், உதவித்தொகை வராததால் கல்லூரி மாற்றுச் சான்றிதழைத் தர மறுக்கிறது என்று நம் அலுவலகத்திற்கு வந்து நிற்கும் மாணவரின் முகத்தில் தெரிகிறது. வழக்கு தொடுக்கிறோம், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்புகிறோம். ஆனால் கணக்கேட்டைப் படிக்கும் பயிற்சி நம் இயக்கங்களில் இன்னும் போதுமான அளவு வேரூன்றவில்லை.

புரட்சியாளர் அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தின் சிற்பியாக, சட்ட அறிஞராக, பௌத்தம் தழுவிய தலைவராக நாம் அறிவோம். அவருடைய முதல் துறை பொருளியல், அதிலும் பொதுநிதி. அரசு யாரிடமிருந்து வரி வாங்குகிறது, யாருக்காகச் செலவிடுகிறது, யாருக்குக் கணக்குக் காட்டுகிறது என்ற கேள்விகளையே இளமையில் அவர் பத்தாண்டுகள் கற்றார். அந்தக் கோணத்தில் அவருடைய வாழ்க்கையைத் திரும்பப் படிக்க வேண்டிய தேவை இன்று இருக்கிறது.

சாக்குத் துணியிலிருந்து கொலம்பியா வரை

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் படைமுகாமில் பிறந்த பீமராவ், மகர் சாதியைச் சேர்ந்த சுபேதார் ராம்ஜி சக்பாலின் கடைசி மகன். தந்தை படைத்துறைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சதாராவில் பள்ளிக்குச் சென்றபோது, வகுப்பில் விரித்து அமர வீட்டிலிருந்தே சாக்குத் துணியைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பள்ளியில் தாகம் எடுத்தால், பணியாள் வந்து தண்ணீர் ஊற்றினால்தான் குடிக்க முடியும். பணியாள் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை. பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு நிறுவனத்திற்குள் பொதுவான தண்ணீர் மறுக்கப்படுவதன் பொருளை அவர் நூலில் படிப்பதற்கு முன்பே உடலால் அறிந்திருந்தார்.

1912இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்று பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில், 1913 ஜூலையில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார். மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கான தொகை அது. அதில் சிறுகச் சிறுக மிச்சம்பிடித்து ஊருக்கும் அனுப்பினார். பம்பாயில் இரமாபாய் அதைக்கொண்டு குடும்பத்தை நடத்தினார்.

அவர் சென்றிறங்கிய ஆண்டு பொதுநிதி வரலாற்றில் முக்கியமானது. அமெரிக்க அரசமைப்பின் பதினாறாவது திருத்தம் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் நிறைவேறி, ஒன்றிய அரசு வருமான வரி விதிக்கும் அதிகாரத்தைப் பெற்றிருந்தது. அதுவரை சுங்கத்தையும் ஆயத்தீர்வையையுமே பெரிதும் நம்பியிருந்த அரசு அது. ஏழையும் செல்வரும் வாங்கும் பொருளின் மீது ஒரே அளவாக விழும் வரியிலிருந்து, கொடுக்க இயன்றவரிடம் கூடுதலாக வாங்கும் வரிக்கு ஒரு நாடு நகரத் தொடங்கிய காலம். அந்த மாற்றத்திற்காக எழுதியும் வாதாடியும் வந்தவர்களில் முதன்மையானவர் கொலம்பியாவின் பேராசிரியர் எட்வின் செலிக்மன். அவர்தாம் அம்பேத்கரின் ஆசிரியர்.

1915இல் முதுகலைப் பட்டத்திற்காக அம்பேத்கர் எடுத்துக்கொண்ட பொருள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும். நிலவரி, உப்பு வரி, அபின் வருவாய், சுங்கம் எனக் கம்பெனியின் வரவுகளை வரிசைப்படுத்தி, அவை போரிலும் கடன் வட்டியிலும் இலண்டன் செலவுகளிலும் எவ்வாறு கரைந்தன என்பதை அவர் காட்டினார். இந்தியாவை வென்ற போர்களின் செலவும், 1858இல் கம்பெனியிடமிருந்து ஆட்சி கைமாறியபோது இருந்த கடன்சுமையும் இந்திய வரிசெலுத்துவோரின் தலையிலேயே ஏற்றப்பட்டன. இதைச் சினமுழக்கமாக அன்றி வரவுசெலவுப் பட்டியலாக எழுதியவருக்கு அப்போது வயது இருபத்துநான்கு. அடுத்த ஆண்டு மே மாதம் சாதியின் தோற்றம் குறித்த கட்டுரையை அவர் அதே பல்கலைக்கழகத்தில் வாசித்தார். கருவூலத்தையும் சாதியையும் அவர் ஒரே காலத்தில், ஒரே மேசையில் ஆராய்ந்தார் என்பதை நம் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

வீடு கிடைக்காத நிதி அறிஞர்

1916இல் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பை இடைநிறுத்தித் திரும்ப நேர்ந்தது. அவருடைய நூல்களை ஏற்றிவந்த கப்பல் போர்க்காலத் தாக்குதலில் மூழ்கியது. பரோடா மன்னருக்கு அவரை நாளடைவில் நிதியமைச்சராக்கும் எண்ணம் இருந்தது. முதலில் படைத்துறைச் செயலராக அமர்த்தப்பட்டார். அலுவலகத்தில் ஏவலர்கள் கோப்புகளைத் தொலைவிலிருந்து வீசினார்கள். ஊரில் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் சாதியை மறைத்துத் தங்கியவரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. கம்பெனி அரசின் கணக்குகளை அலசி ஆராய்ந்த அறிஞர், ஒரு மரத்தடியில் அமர்ந்து அழுதுவிட்டுப் பம்பாய்க்கு இரயிலேறினார்.

1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானபோதும், ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாதென்ற எதிர்ப்பு எழுந்தது. ஊதியத்தில் சேர்த்த பணத்தோடும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உள்ளிட்டோரின் உதவியோடும் 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். அடுத்த மூன்றாண்டுகளில் முதுஅறிவியல் பட்டம், பாரிஸ்டர் தகுதி, அறிவியல் முனைவர் பட்டம் ஆகிய மூன்றையும் பெற்றார்.

மாகாண நிதி: உலக நாடுகளின் நடுவே இந்தியா

கொலம்பியாவில் தொடங்கிய முனைவர் பட்ட ஆய்வு 1925இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. பிரித்தானிய இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி என்பது அதன் பொருள். செலிக்மன் முன்னுரை எழுதினார். பட்டம் 1927இல் முறைப்படி வழங்கப்பட்டது.

மைய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே வருவாயை எப்படிப் பங்கிடுவது என்பது அக்காலத்தில் பல நாடுகளைக் குடைந்த கேள்வி. 1867இல் உருவான கனடா ஒன்றியத்தில் மாகாணங்கள் சுங்க வருவாயை ஒன்றியத்திடம் விட்டுக்கொடுத்து, தலைக்கு 80 சென்ட் வீதம் மானியம் பெற்றன. 1871இல் எழுந்த செர்மானியப் பேரரசில் தலைகீழ் ஏற்பாடு: சுங்கமும் மறைமுக வரிகளும் போதாதபோது, உறுப்பு அரசுகள் மக்கள்தொகைக்கு ஏற்பப் பேரரசுக்குப் பங்குத்தொகை கட்டின. 1901இல் பிறந்த ஆஸ்திரேலியாவில், சுங்க, ஆயத்தீர்வை நிகர வருவாயில் நான்கில் மூன்று பங்கு முதல் பத்தாண்டுகளுக்கு மாநிலங்களுக்குச் சேர வேண்டுமென அரசமைப்பிலேயே எழுதினார்கள். அக்கெடு முடிந்தபின் தலைக்கு 25 ஷில்லிங் என்று மாற்றினார்கள். கூட்டாட்சி அல்லாத இங்கிலாந்தில், உள்ளாட்சிகளுக்கு மானியமா, ஒப்படைக்கப்பட்ட வரிகளா என்ற விவாதம் நடந்துகொண்டிருந்தது.

இந்நாடுகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பங்கீட்டில் சண்டையிடும் இருதரப்பும் தத்தம் மக்களுக்குப் பதில்சொல்ல வேண்டிய அவைகளைக் கொண்டிருந்தன. இந்தியாவில் அது இல்லை. அம்பேத்கரின் ஆய்வு ஊன்றி நிற்கும் இடம் இதுவே.

1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் நிதி அதிகாரம் முழுவதையும் மையத்தில் குவித்தது. மாகாணங்கள் செலவு செய்தன. பணம் தேடும் பொறுப்பு மையத்திற்கு. சிக்கனமாக இருந்த மாகாணத்திற்கு ஆதாயமில்லை, உரத்துக் கேட்ட மாகாணத்திற்கு மிகுதியாகக் கிடைத்தது. 1857க்குப் பின் பற்றாக்குறை முற்றியது. 1870 டிசம்பரில் மேயோ பிரபுவின் அரசு காவல், சிறை, கல்வி, மருத்துவம், சாலை போன்ற துறைகளைக் குறித்த தொகையோடு மாகாணங்களிடம் ஒப்படைத்தது. பின்னர் 1877 முதல் ஒப்படைத்த வருவாய், 1882 முதல் பங்கிட்ட வருவாய் எனப் படிப்படியாக ஏற்பாடு மாறியது. பலர் இதைப் பரவலாக்கம் என்று போற்றினார்கள். அம்பேத்கர் சட்டத்தின் கண்கொண்டு பார்த்தார். மாகாணத்திற்குச் சொந்தமாக வரிவிதிக்கும் உரிமை இல்லை, கடன்வாங்கும் உரிமை இல்லை, நிதிநிலை அறிக்கையை நிறைவேற்றும் அவையும் இல்லை. ஆகவே மாகாண நிதி என்பது மையத்தின் கணக்கேட்டில் போடப்பட்ட ஒரு தனித் தலைப்பு மட்டுமே என்று அவர் நிறுவினார்.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களில் வருவாய்கள் பிரிக்கப்பட்டபோது மையத்திற்குப் பற்றாக்குறை விழுந்தது. அதை ஈடுகட்ட, மெஸ்டன் குழு மாகாணங்களின் மீது ஆண்டுக்கு 983 லட்சம் ரூபாயைப் பங்குத்தொகையாக விதித்தது. அதில் சென்னை மாகாணத்தின் தலையில் விழுந்தது 348 லட்சம். மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல். பம்பாய்க்கு 56 லட்சம், வங்காளத்திற்கு 63 லட்சம். நிலவரியைப் பெரிதும் நம்பியிருந்த மாகாணங்களிடம் மிகுந்திருப்பதாகத் தோன்றிய பணம் கறக்கப்பட்டது. தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் உழவர் கட்டிய வரி, அவர்தம் ஊர்ப் பள்ளிக்குப் போகாமல் மையத்தின் பள்ளத்தை நிரப்பியது. கடும் எதிர்ப்புக்குப் பின் 1920களின் இறுதியில்தான் இப்பங்குத்தொகை கைவிடப்பட்டது.

அந்நூலின் இறுதிப் பகுதியில் அவர் இன்னொரு கேள்வியையும் எழுப்பினார். மக்களுக்குப் பதில்சொல்லாத அரசு வரியை உயர்த்த அஞ்சும். சாதிக்கொடுமையை ஒழிக்கச் சட்டமியற்றவும் அஞ்சும். மேல்தட்டைச் சீண்டாதிருப்பதே அதன் பாதுகாப்பு. நிதி அதிகாரமும் சமூகச் சீர்திருத்தமும் ஒரே கயிற்றின் இருமுனைகள் என்று அன்றே கண்டவர் அவர்.

ரூபாயின் சிக்கல்

1923இல் வெளிவந்த ரூபாயின் சிக்கல் என்ற நூல் நாணயத்தைப் பற்றியது. 1893இல் நாணயச்சாலைகள் தனியாரின் வெள்ளிக்கு மூடப்பட்டபின், ரூபாயைத் தங்கத்தோடு மறைமுகமாகப் பிணைக்கும் தங்க மாற்று முறை உருவாயிற்று. ஜான் மேனார்ட் கெயின்ஸ் அதை ஆதரித்து எழுதியிருந்தார். அம்பேத்கர் அவரோடு மோதினார். ரூபாயை வேண்டிய அளவுக்கு அச்சடிக்கும் உரிமை பொறுப்பற்ற அரசிடம் இருக்கும்வரை விலைவாசி நிலைக்காது; நாணயத்தின் உள்நாட்டு மதிப்புக் குறையும்போது ஏற்றுமதி வணிகர் பெறும் ஆதாயம் கூலியாளின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவதே என்பது அவர் வாதம். 1925 டிசம்பரில் ஹில்டன் யங் ஆணையத்தின் முன்பும் சாட்சியமளித்தார். அவர் பரிந்துரைத்த தங்கத் தரம் 1930களில் உலகெங்கும் கைவிடப்பட்டது. அந்தத் தீர்வு நிலைக்கவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பணம் அச்சிடும் கைக்குச் சட்டக் கடிவாளம் வேண்டும் என்ற அடிப்படைக் கேள்வி மட்டும் இன்றும் உயிரோடிருக்கிறது.

சட்டமன்றமும் சவுதார் குளமும்

1927 தொடக்கத்தில் பம்பாய் மாகாணச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக அமர்ந்ததும், அவர் முதலில் கையிலெடுத்தது நிதிநிலை அறிக்கையைத்தான். வருமான வரியில் ஒரு வரம்புக்குக் கீழே உள்ளவருக்கு விலக்கு உண்டு, நிலவரியில் இல்லை. ஓர் ஏக்கர் வைத்திருப்பவரும் நூறு ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரே வீதத்தில் கட்ட வேண்டும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்ட வேண்டும். இந்த அநீதியை அவர் அவையில் எடுத்துவைத்தார். அடுத்து கல்வி. மாகாணம் கல்விக்காகத் தலைக்கு 14 அணா செலவிடுகிறது, மதுவின் ஆயத்தீர்வையாகத் தலைக்கு 2 ரூபாய்க்கு மேல் வாங்குகிறது என்று கணக்கைப் பிரித்துக் காட்டினார்.

எந்தக் கணக்கிலும் ஏறாத வருவாய் ஒன்று இருந்தது. மகர் வதன் முறைப்படி, ஒரு துண்டு நிலத்திற்காகவும் ஊரார் தரும் சொற்பத் தானியத்திற்காகவும் மகர்கள் அரசின் ஊழியத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். ஊதியம் தராமலே அரசு பெற்ற உழைப்பு அது. 1928இல் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்த மசோதா, அந்த நிலங்களை முழுவரி செலுத்தும் சொந்த நிலங்களாக்கி, ஊழியத்திற்கு உரிய ஊதியம் வழங்கக் கோரியது. பொதுநிதி நூல்கள் காணாத வரியைச் சாதி தண்டிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். தமிழ்நாட்டின் வெட்டியான், தலையாரி ஊழியங்களின் வரலாற்றை அறிந்தோருக்கு இது விளக்கம் வேண்டாத செய்தி.

1927 மார்ச் 20 அன்று மகாத் நகரில் ஆயிரக்கணக்கானோர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார்கள். அப்போராட்டத்தின் சட்ட அடித்தளம் ஒரு நிதிக் கோட்பாடு. பொதுப்பணத்தில் கட்டப்பட்ட அல்லது பராமரிக்கப்படும் குளம், கிணறு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைத் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று 1923இல் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் ஏற்றிருந்தது. மகாத் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானித்திருந்தது. சாதி இந்துக்கள் தாக்கினார்கள். குளம் தனியாருடையது என்று வழக்காடினார்கள். பத்தாண்டுகள் கழித்து 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அந்தக் கோட்பாடு இன்று அரசமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பில் வாழ்கிறது: அரசு நிதியிலிருந்து முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை எதிலும் எவரையும் சாதியின் பேரால் தடுக்க இயலாது.

உதவித்தொகையிலிருந்து அரசமைப்புக்கு

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை முன்மாதிரியாகக் கொண்ட தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் அவருடைய துறையில் உருப்பெற்றது. அதே காலத்தில் வைசிராயிடம் ஓர் எளிய ஒப்பீட்டை முன்வைத்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திற்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திற்கும் மைய அரசு தலா 3 லட்சம் ரூபாய் தருகிறது. பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு என்ன தருகிறது? அதன் விளைவாக அதே அளவு தொகை ஒதுக்கப்பட்டது. இன்று நம் மாணவர் காத்துக்கிடக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் இப்படித்தான் பிறந்தது.

1947இல் எழுதிய மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற ஆவணத்தில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பட்டியல் சாதியினரின் உயர்கல்விச் செலவு, கல்வி நிதிநிலை அறிக்கையின் மீதான முதல் சுமையாக இருக்க வேண்டும். தரிசு நிலங்களில் அவர்களுக்குத் தனிக் குடியிருப்புகள் அமைக்க ஒன்றிய அரசு ஆண்டுதோறும் 5 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று கோரினார். நிதியியலில் முதல் சுமை என்றால், மற்றச் செலவுகளுக்கு முன்பாக எடுத்துவைக்கப்பட வேண்டியது என்று பொருள். மிச்சமிருந்தால் தருவோம் என்ற சலுகைக்கு நேர்எதிரான சொல் அது. அரசமைப்புச் சட்டத்தில் இக்கோரிக்கை இடம்பெறவில்லை.

இடம்பெற்றவை பல. சட்டத்தின் அதிகாரமின்றி வரி இல்லை என்பது 265ஆம் உறுப்பு. நிதி ஆணையத்தை அமைப்பது 280ஆம் உறுப்பு. ஆஸ்திரேலியா 1933இல் மாநில மானியங்களுக்கென ஓர் ஆணையத்தை நிறுவியிருந்தது, இந்தியா அத்தகைய நடுநிலை அமைப்பை அரசமைப்பிலேயே பொறித்தது. ஒன்றிய அரசின் கடனுக்கு நாடாளுமன்றம் சட்டத்தால் வரம்பிடலாம் என்பது 292ஆம் உறுப்பு. நாடாளுமன்றம் அப்படியொரு சட்டத்தை இயற்றும் என அம்பேத்கர் எதிர்பார்த்தார். நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது 2003இல்தான். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை அரசமைப்பின் மிக முக்கியமான அலுவலராக, நீதித்துறையினும் பெரிய கடமை உடையவராக அவர் அவையில் மதிப்பிட்டார்.

மையத்திற்கு வலிமை மிகுந்த அமைப்பையே அவர் வடித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மையத்தின் கணக்கில் மாகாணம் ஒரு தலைப்பு மட்டுமே என்று 1925இல் எழுதியவரின் எச்சரிக்கை, மாநிலங்களோடு பகிர வேண்டாத செஸ் வரிகளும் கூடுதல் வரிகளும் பெருகிய இன்றைய நிலைக்கும் பொருந்துகிறது.

விடுதலை பெற்ற நாட்டில் பொதுநிதியில் இரு முனைவர் ஆய்வுகள் முடித்த இவர் சட்ட அமைச்சரானார். விரும்பிய திட்டமிடல் துறை தரப்படவில்லை. அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழுவிலும் நிலையான இடம் கிட்டவில்லை. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டபோது 1951 செப்டம்பரில் பதவி விலகினார். இக்குறைகளையும் தம் விலகல் அறிக்கையில் பதிந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

நமக்கு விட்டுச்சென்ற வேலை

மக்கள்தொகை விகிதத்திற்கு ஏற்ப நிதி என்ற கோட்பாடு 1979-80இல் சிறப்பு உட்கூறுத் திட்டமாக வந்தது. அது நெடுங்காலம் நிர்வாக வழிகாட்டுதலாகவே இருந்தது. மீறினால் நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடிய சட்டமாக இல்லை. 2017-18இல் திட்டச் செலவு, திட்டமல்லாச் செலவு என்ற பகுப்பே மறைந்தபோது அதன் அடித்தளமும் ஆட்டங்கண்டது. ஒன்றுபட்ட ஆந்திரமும் கர்நாடகமும் 2013இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றின. தமிழ்நாடு நீண்ட கோரிக்கைக்குப் பின் 2024இல் இயற்றியது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் பொதுவான சாலைக்கும் பாலத்திற்கும் செலவிட்டு அதைப் பட்டியல் சாதியினரின் கணக்கில் எழுதும் பழக்கம் சட்டத்தால் மட்டும் ஓயாது. ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையையும் தணிக்கை அறிக்கையோடு ஒப்பிட்டுப் படிப்பவர்கள் வேண்டும்.

ஆகவே நம் வாசகர் வட்டங்களில் சாதி ஒழிப்பு நூலோடு மாகாண நிதி நூலையும் எடுத்துவைக்க வேண்டுகிறோம். வட்டத்திற்கு ஒருவர் என ஒரு துறையின் மூன்றாண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டு, ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு ஆகிய மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதட்டும். சான்றிதழுக்காக நம் அலுவலக வாசலில் நிற்கும் அடுத்த மாணவருக்காக நாம் தாக்கல் செய்யும் மனுவில், அந்தத் தாள் முதல் ஆவணமாக இணைக்கப்படும்.